அறுபது நிரம்பாத அக்கா

பதினோரு வீடு பார்த்தாயிற்று. ஒன்றில் படி செங்குத்து. ஒன்றில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, வீட்டுக்காரருக்குத்தான் மனசு வரவில்லை. "ரெண்டும் வயசான பொம்பளைங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலையிலதானே விழும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். மகராசன், அவருக்கு வயதே ஆகாமல் இருக்கட்டும்.

இருவரும் உடன்பிறந்தவர்கள். பெரியவள், சின்னவள் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பழக்கம். பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்து வைக்க வீட்டில் ஒருத்தருக்கும் நேரம் இருக்கவில்லை என்பதுதான் சரி. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் நின்றாள். உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்து, உதறி, இரண்டு பேராக முனை பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். கீழே எப்போதும் கணுக்கால் நனைகிற ஈரம். அந்த ஈரம் முப்பத்துநாலு வருடமாக மெல்ல மேலேறி முட்டியில் குடியேறிவிட்டது. போன மாதம்தான் ஓய்வு கொடுத்தார்கள். ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சின்னவள் கண்ணாடிக்கடையில் இருந்தவள். ஊரிலுள்ள மூக்குகளுக்கெல்லாம் பொருத்தமான சட்டம் எடுத்துக் கொடுப்பாள். புருஷன் போய் ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அவன் போன அன்றைக்கே பெரியவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல். இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மூன்று மாதம் தவணை.

பன்னிரண்டாவது வீட்டின் விளம்பரம் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. 'முதியோர் குடியிருப்பு. சொந்த வீடு. பாதி விலை.' பாதி விலை என்றாலே பெரியவளுக்குச் சந்தேகம். அழுகின தக்காளியைத்தான் பாதி விலைக்குக் கொடுப்பார்கள் என்பது அவள் கட்சி. விசாரித்ததில் விஷயம் நியாயமாகத்தான் இருந்தது. வயதானவர்களுக்கு மட்டும் விற்பார்கள். காலம் முடிந்ததும் வீடு வாரிசுக்குப் போகாது. குடியிருப்பே திருப்பி எடுத்துக்கொண்டு அடுத்த கிழவருக்குக் கொடுக்கும். வாரிசே இல்லாத இந்த இரண்டு பேருக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு போல இருந்தது.

நான்கு கட்டடங்கள். நடுவில் புல்வெளி, மரத்தடியில் பெஞ்சு. எங்கேயும் படியே கிடையாது, சரிவுதான். காட்டிய வீடு இரண்டாவது கட்டடத்தில், தரைத்தளம். ஓர் அறை, ஒரு கூடம், குறுகலான சமையலறை. சுவருக்கு அந்தப்பக்கம் ஜெனரேட்டர், கரண்ட் போனால் வீடே உறுமும். அதனால் இன்னும் கொஞ்சம் மலிவு. பெரியவள் குளியலறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. சின்னவள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து குளிக்கிற பலகையில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. பக்கத்தில், விழுந்தால் இழுத்து மணியடிக்க ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது.

"பாருடி, கம்பி வெச்சிருக்காங்க. விழுந்துருவோம்னு யாரோ முன்னாடியே யோசிச்சிருக்காங்க பாரு." கண் கலங்கியிருந்தது. "இங்கயே இருந்துடலாம்டி. இனிமே என்னால படி ஏற முடியாது. வீடு பாக்கவும் முடியாது."

அக்கா 'என்னால முடியாது' என்று சொல்லிச் சின்னவள் கேட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த வீட்டை வாங்கிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அலுவலக அறையில் மேனேஜர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். மேசைமேல் தடிமனாக ஒரு விதிகள் கோப்பு. எதைக் கேட்டாலும் எச்சில் தொட்டு அதைப் புரட்டுவார். பத்து நிமிடத்திலேயே பெரியவள் அவருக்குச் 'சட்டப்புத்தகம்' என்று பெயர் வைத்துவிட்டாள். கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்தார். மறுபடி அட்டைகளைப் பார்த்தார்.

"அக்கா தங்கைன்னு சொன்னீங்க. இவங்கதானே அக்கா?" என்று சின்னவளைக் காட்டினார்.

"இல்லை தம்பி, நான்தான்" என்றாள் பெரியவள்.

"கார்டுல அவங்களுக்கு அறுபத்தொண்ணு. உங்களுக்கு ஐம்பத்தெட்டு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டப்புத்தகத்துக்கு வரவில்லை.

"இங்க அறுபது முடிஞ்சிருக்கணும்மா. குடும்ப ஆள் யாரா இருந்தாலும். முன்னாடி இப்படித்தான் தம்பின்னும் மருமகன்னும் சின்ன வயசு ஆளுங்கல்லாம் உள்ள வந்து உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் குடியிருப்போர் சங்கத்துல ரொம்பக் கறார். அவங்க பேர்ல வாங்கலாம். நீங்க ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

"எனக்கு அறுபத்தஞ்சு தம்பி."

"கார்டு அப்படிச் சொல்லலையே."

கார்டு எப்படிச் சொல்லும்? அந்தக் குடும்பத்தில் பிறந்த தேதி என்பது தேவைக்குத் தகுந்தபடி நீட்டிக்கொள்கிற, மடித்துக்கொள்கிற சாமான். சின்னவளுக்கு இரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? எட்டு வயது அக்காதான் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டால் பெரியவள் கைக்குக் கொஞ்சம் ஓய்வு என்று, நாலு வயதுக் குழந்தையை ஆறு என்று சொல்லிச் சேர்த்தார்கள். தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட வேண்டும், அதுதான் அன்றைக்கு வயதுச் சான்றிதழ். சின்னவளின் கை எட்டவில்லை. வாத்தியார் அந்தப்பக்கம் திரும்பியபோது பெரியவள் பிடித்து ஓர் இழு இழுத்தாள், எட்டிவிட்டது. ஒரே இழுப்பில் இரண்டு வயது கூடிவிட்டது.

பெரியவள் கதை நேர்மாறு. சலவைப் பிரிவில் ஆள் எடுத்தபோது இருபத்தைந்துக்கு மேல் கூடாது என்றார்கள். அவளுக்கு முப்பத்தொன்று. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார், சின்னவளின் கல்யாணம் பாக்கி இருந்தது. சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற ஒருவரைப் பிடித்து ஏழு வருடத்தைக் குறைத்துக்கொண்டாள். அன்றைக்கு இளமை திரும்பியதென்று சின்னவள் அவளைக் கேலி செய்ததுகூட உண்டு. அந்த ஏழு வருடத்துக்குத்தான் வட்டியும் முதலுமாக அறுபத்தைந்து வயது வரை ஈரத்தில் நின்றாள். கூட வேலை பார்த்த நிஜ ஐம்பத்தெட்டுக்காரிகள் சால்வை வாங்கிக்கொண்டு போவதை வருடாவருடம் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"தேதியைத் திருத்திட்டு வாங்க, நான் வீட்டை ஒரு மாசம் நிறுத்தி வைக்கிறேன்" என்றார் சட்டப்புத்தகம்.

பதிவு அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். முட்டிக்கு ஒரு கூடுதல் மரியாதை. கவுண்டரில் இருந்த பெண் அலுத்துப்போன முகத்தோடு, ஆனால் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க பிறந்தது தெரிஞ்ச, உங்களைவிட மூத்தவங்க யாராவது வந்து சாட்சி சொல்லணும்மா."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. அத்தை இல்லை. பிரசவம் பார்த்தவள் போய் முப்பது வருடம். பக்கத்து வீட்டில் இருந்த நாலு பேரில் நாலு பேரும் இல்லை.

"எல்லாரும் செத்துட்டாங்கம்மா. நான் எவ்வளவு வயசானவன்னு சொல்லத் தெரிஞ்ச ஒருத்தர்கூட உயிரோட இல்லை. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றாள் பெரியவள்.

கவுண்டர்காரி சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வேலையில இருந்தவங்களா?"

"ஆஸ்பத்திரியில."

"இந்தக் கார்டைக் காட்டித்தான் சேர்ந்தீங்களா? பென்ஷன் வருதா?"

"இந்த மாசம்தான் முதல்ல வந்துச்சு."

"அப்ப இந்தத் தேதியை நீங்க திருத்தினா, அன்னிக்குப் பொய் சொல்லிச் சேர்ந்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. பென்ஷன் நின்னுடும். வாங்கின சம்பளத்தைக்கூடத் திருப்பிக் கேட்பாங்க." விண்ணப்பத்தாளை அவளே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "எங்கிட்ட எதுவும் கேட்கலைன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். இரண்டு பஸ்ஸை விட்டார்கள், ஏறத் தெம்பு வரவில்லை.

வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் மறுநாள் போனார்கள். சட்டப்புத்தகம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஒரு வழி இருக்கு. நான் சொன்னதா வெளியில சொல்லிடாதீங்க. குடியிருக்கிறவங்க பாத்துக்க ஒரு பணியாளை வெச்சுக்கலாம். அதுக்கு வயசு வரம்பு இல்லை. ஆனா சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம்தானே? அறுபது முடிஞ்சதும் முறைப்படி பேரைச் சேர்த்துக்கலாம்."

சின்னவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தாள். "எங்கக்கா எனக்கு வேலைக்காரியா? வா அக்கா போகலாம்."

பெரியவள் எழுந்திருக்கவில்லை. அவள் கண் சன்னல் வழியே புல்வெளிப் பெஞ்சில் இருந்தது. அங்கே ஓர் அம்மாள் காலை நீட்டிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கையில் பையில்லை, மடியில் வேலையில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் பார்க்கிறவள்போலப் பெரியவள் பார்த்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?" என்றாள்.

கையெழுத்தோடு முடியவில்லை. வீட்டுக்காரி தன் கைப்பட எழுத வேண்டிய உறுதிமொழி ஒன்று இருந்தது. 'மேற்படி பணியாளர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர்.' சின்னவளின் அட்டையில் புருஷன் பெயர் இருந்ததால் காகிதத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவள் பேனாவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மாட்டேன். இதை எழுதினா என் கை விளங்குமா?"

"எழுதுடி."

"உன் பணமும் இதுல இருக்கு. உன் பேரும் இல்லாம, உறவும் இல்லாம... எனக்கு ஏதாவது ஆனா உன்னைத் தெருவுல விட்டுடுவாங்க அக்கா."

"இப்ப எங்க நிக்கிறோமாம்? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. காகிதத்துல எழுதிட்டா நான் உன் அக்கா இல்லாமப் போயிடுவேனா? எழுது. எனக்கு உக்காரணும்டி. அவ்வளவுதான். எனக்கு எங்கயாவது உக்காரணும்."

சின்னவள் எழுதினாள். அழுதுகொண்டே எழுதியதில் 'அல்லர்' மேல் ஒரு சொட்டு விழுந்து மை பரவிவிட்டது. சட்டப்புத்தகம் வேறு தாள் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். ஒரு தடவை எழுதுவதே கொடுமை. அந்தப் பாவி மனுஷர் இரண்டு தடவை எழுத வைத்தார்.

குடிவந்தார்கள். பெரியவளுக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு நீலப் பட்டை கொடுத்தார்கள், பணியாளர் என்பதற்கு அடையாளம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. மரத்தடிப் பெஞ்சு குடியிருப்பவர்களுக்கு மட்டும். பணியாளர்கள் சமையற்கூடத்துப் பின்வாசலில் உட்காரலாம். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவர்களுக்கு. காலையில் முட்டிவலிக்காரர்களுக்கென்று உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. முட்டி இருப்பதே தெரியாதவள்போல நடக்கிற சின்னவள் அதில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள், நிஜமான முட்டிவலிக்காரி கையில் துண்டோடு சுவரோரம் நிற்பாள். போதாக்குறைக்கு, வாரம் இருமுறை படுக்கை விரிப்புகளைச் சலவையறைக்குச் சுமந்துபோவது பணியாளர் பொறுப்பாம். விதி யாரை விட்டது? போர்வை அவளைத் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வந்துவிட்டது.

சங்கத்தின் தலைவி பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாள். அறுபத்திரண்டு வயது, ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ போட்டுக்கொண்டு குடியிருப்பை நாலு சுற்று வேகமாக நடப்பாள். பெரியவளைவிட மூன்று வயது இளையவள். பெரியவளைக் கண்டால் நடையை நிறுத்தாமலே, "ஏம்மா, போறதுதான் போறே, என் விரிப்பையும் எடுத்துட்டுப் போ. உனக்கென்ன, தெம்பான வயசு" என்பாள்.

"சரிங்கம்மா" என்பாள் பெரியவள். ஏழு வருடம் முன்னால் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது பதில் சொல்லத் தெம்பில்லை.

கதவைச் சாத்திவிட்டால் மட்டும் உலகம் நேராகும். சின்னவள் சமைப்பாள். பாவம், ருசி என்று எதுவும் இருக்காது, உப்பு மட்டும் தாராளமாக இருக்கும். பெரியவளைக் கட்டிலில் படுக்கவைத்து முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பாள். "யம்மா முதலாளியம்மா, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க" என்பாள் பெரியவள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே கதவு தட்டப்படும். காய்கறிக்காரரோ, தலைவியோ, குழாய் பார்க்கிறவரோ. ஆள் யாரென்று பார்க்க நேரமில்லை. பெரியவள் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து துடைப்பத்தை எடுக்க, சின்னவள் பாய்ந்து கட்டிலில் படுக்க, அதன் பிறகுதான் கதவு திறக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. ஆஸ்பத்திரியில்கூட மதியம் அரைமணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார முடியும். இங்கே கட்டில் இருந்தது, அதில் தொடர்ந்து ஒரு மணி நேரம் படுக்க வழியில்லை. கொஞ்ச நாளில் பெரியவள் படுப்பதையே விட்டுவிட்டாள். எழுந்திருக்கிற வலிக்கு, நின்றுகொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

"ரெண்டு வருஷம். ஓடிடும்டி" என்பாள்.

நாலு மாதம் ஓடியது. ஓடியதா, நொண்டியதா என்று அவள் முட்டியைக் கேட்க வேண்டும். வலது கால் இப்போது மடங்கவே மறுத்தது.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் பணியாளர்களுக்கு உடல் பரிசோதனை வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்குமாம். பார்த்துக்கொள்கிறவர்கள் பார்த்துக்கொள்ளத் தகுதியாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமே. உடற்பயிற்சிக் கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். பதினெட்டுப் பணியாளர்கள்; பாதிப் பேர் முப்பது தாண்டாதவர்கள். முந்தின நாளே எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா புதியவள், சின்ன வயது, படபடவென்று வேலை பார்த்தாள். சட்டப்புத்தகம் கோப்போடு பக்கத்தில் நின்றார். தலைவி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள். அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

பெரியவள் முறை வந்தது. டாக்டரம்மா முட்டியை அழுத்தினாள், மடக்கச் சொன்னாள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதோடு அவள் படபடப்பு நின்றுவிட்டது.

"உங்க வயசு என்னம்மா?"

"கார்டுல இருக்கு டாக்டர்."

"கார்டுல ஐம்பத்தெட்டுன்னு இருக்கு. உங்களைக் கேட்கிறேன்."

பெரியவள் சட்டப்புத்தகத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டுதான்" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்க. இது ஐம்பத்தெட்டோட எலும்பு இல்லை. அறுபத்தஞ்சுக்குக் குறையவே குறையாது." டாக்டரம்மா நிமிர்ந்தாள். "இவங்களை வேலைக்கு வெச்சிருக்கிறது யாரு? கூப்பிடுங்க."

சின்னவள் வெளியே வராந்தாவில்தான் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள்.

"அம்மா, இவங்களால இனி யாரையும் பாத்துக்க முடியாது" என்றாள் டாக்டரம்மா. கோபமில்லை, உள்ளதைச் சொன்னாள். "இவங்களைப் பாத்துக்கத்தான் ஒரு ஆள் வேணும். எப்படி நிக்கிறாங்கன்னே எனக்குப் புரியல. இவங்க செஞ்சது போதும். தகுதி இல்லைன்னு எழுதிடறேன். வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"நானும் சொல்லணும்னு நினைச்சேன்" என்றாள் தலைவி சின்னவளிடம். "விரிப்பைத் தூக்கவே அரைமணி நேரம் ஆகுது அவளுக்கு. நல்ல வயசுப் பொண்ணா ஒருத்தி எனக்குத் தெரியும், நாளைக்கே வரச் சொல்றேன்."

உள்ளே வர வயது போதாது என்று சொன்ன இடம் அது. இப்போது இருக்க வயது அதிகம் என்கிறது. பெரியவளுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'போதும்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது. எட்டு வயதிலிருந்து இன்றுவரை யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள். அது அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த கணம் வீடு நினைவுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன் டாக்டர். எனக்கு ஒண்ணும்..." என்று எழப் பார்த்தாள். கால் தாங்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைத் தாங்கிப் பிடித்தது சின்னவள்தான். பிடித்தவள் நீலப் பட்டையை அவள் தலைவழியே கழற்றினாள். கழற்றி, மடித்து, சட்டப்புத்தகத்தின் கோப்பின்மேல் வைத்தாள்.

"சரி டாக்டர். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "வா அக்கா."

"அக்காவா?" என்றாள் தலைவி.

"ஆமா. கூடப் பிறந்தவ. என்னைத் தூக்கி வளத்தவ. நான் எழுதிக் குடுத்தது பொய்." தலைவியை நேரே பார்த்தாள். "அந்த வீடு பாதிக்கு மேல அவ பணம். அவ அதுல ஒரு நாள்கூடக் காலை நீட்டிப் படுக்கல."

கூடத்தில் மற்றப் பதினேழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தலைவி சட்டப்புத்தகத்தைப் பார்த்தாள். சட்டப்புத்தகம் கோப்பைத் திறக்கவில்லை.

புல்வெளியைக் கடக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. வழி நெடுக பெரியவள் தங்கையைத் திட்டிக்கொண்டே வந்தாள். "பைத்தியமாடி உனக்கு? மூளை இருக்கா? ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். கைக்கு எட்டினதைத் தட்டி விட்டுட்டியே. நாளைக்கே லெட்டர் குடுப்பான் பாரு. எங்கடி போவோம்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு மறுபடி நான் எத்தனை படி ஏறுவேன்?"

"ரெண்டு வருஷம் நீ இருப்பியா அக்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் அதற்கப்புறம் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தாள். முட்டிக்குக் கீழே தலையணை வைத்தாள். துடைப்பத்தைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள்.

"யாராவது தட்டுனா..." என்று தொடங்கினாள் பெரியவள்.

"தட்டட்டும். நீ எந்திரிச்சே, காலை உடைச்சிருவேன்."

"அதான் ஏற்கெனவே உடைஞ்சிருக்கே" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடினாள் பெரியவள். மூடின மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். பட்டப்பகல். கரண்ட் போய், சுவருக்கு அந்தப்பக்கம் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, இரண்டு காலும் நீட்டி, கைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். தன் அக்கா தூங்குகிற முகம் எப்படி இருக்கும் என்று சின்னவளுக்கு இதுவரை தெரியாது. எப்போதும் தங்கைதான் முதலில் தூங்குவாள், அக்காதான் முதலில் எழுவாள். நாற்காலியைக் கதவுப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கட்டிலில் பெரியவளின் கால் தூக்கத்திலேயே ஒரு தரம் துடித்து அடங்கியது. சின்னவள் கதவை ஒரு சாண் அளவு திறந்தாள். சட்டப்புத்தகம் நின்றிருந்தார், கையில் ஒரு உறை. முகம் கொடுக்காமல் அதை நீட்டினார்.

சின்னவள் கையை நீட்டவில்லை.

"அக்கா தூங்குறா" என்றாள் மெதுவாக. "அவ எழுந்ததும் நானே வந்து வாங்கிக்கிறேன்."